என் வேகத்துக்கு நடந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை மதுரைப் பக்கத்துச் சமணர் மலையில், சமணச் சிற்பங்கள் இருக்கும் பேச்சிப்பள்ளம் வரைக்கும் ஏறி இறங்கினேன். அங்கே எடுத்துப் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு ‘கலக்கிட்டீங்க’ என்று நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். சந்தோஷம்தான். ஆனால் என்னை அங்கே வரைக்கும் தேற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் பாதிப் பேர் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அவர்களுக்காகத்தான் இந்த மடல். பக்கத்தில் இருப்பவர்கள் வாசித்துக் காட்டிவிடுங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: தீபாவளி கழிந்த மறுவாரம் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஃபைப்ராய்டு என்கிற கர்ப்பப்பைக் கட்டிகள். வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷன். இதையெல்லாம் பொதுவில் எழுதணுமா என்று அத்தை கேட்டார். கிட்னியில் கல் எடுத்தால் ஊரெல்லாம் சொல்கிறோமே, அத்தை! அதற்கு முன்னால் ஒன்றரை வருஷம் மாதாமாதம் ரத்தம் கொட்டித் தீர்த்ததில் ஹீமோகுளோபின் 8க்கு இறங்கியிருந்தது. மலையேறும்போது மூச்சு வாங்கியதை, 47 ஆகிவிட்டதே, வயசுதான் என்று நினைத்துக்கொண்டேன். தோழிகளே, வயசு மேல் பழி போடுமுன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

முதல் நன்றி, வார்டில் இரவு வேலை பார்த்த ஆயாம்மாவுக்கு. ஆபரேஷனுக்கு மறுநாள் கட்டிலிலிருந்து நேராக எழப் பார்த்து நான் அலறியபோது, ஓடி வந்து தோளைப் பிடித்தார். “மல்லாந்து எந்திரிக்காத தாயி. ஒருக்களிச்சுப் படு, காலக் கீழ தொங்கவிடு, கைய ஊனு. இப்ப எந்திரி.” இருமல் வந்தால் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்ளச் சொன்னதும் அவர்தான். அன்றைக்குக் கட்டிலிலிருந்து கதவு வரை நடந்தேன். பதினோரு எட்டு. அவர் கை என் முழங்கைக்குக் கீழே இருந்தது, தொடாமல், ஒரு அங்குலம் தள்ளி.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் ‘ஓய்வு’ என்று ஒரே சொல் எழுதியிருந்தது. எத்தனை நாள், படுத்தேவா, நடந்தா, மாடி ஏறலாமா? ஒன்றும் கிடையாது. கேட்டதற்கு, “பார்த்து இருந்துக்கங்க” என்றார்கள். அந்தச் சீட்டுக்கு உரை எழுதியது எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் பிசியோதெரபிஸ்ட் தங்கச்சி. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில், பையைக்கூட இறக்காமல் வந்து உட்காருவாள். படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொன்னாள். கெண்டைச்சதை இயங்கினால்தான் காலில் ரத்தம் தேங்கிக் கட்டியாகாமல் மேலே போகுமாம். பிறகு மூச்சுப் பயிற்சி. மூத்திரத்தை அடக்குவதுபோல இடுப்புக்கு அடித்தளமாக இருக்கும் தசையை இறுக்கி விடுகிற பயிற்சி. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போட்டால் உடம்பில் சரியாகச் சேராது என்று என் டம்ளரையும் பிடுங்கி வைத்தாள், பாவி.

நடைக்கு அவள் சொன்னது இரண்டே விஷயம். நடக்கும்போது மூச்சிரைக்காமல் பேச முடியணும். இன்றைக்கு நடந்தது அதிகமா இல்லையா என்பதை நாளைக் காலையில் கேட்டுக்கொள்ளணும்: மறுநாள் வலியோ ரத்தப்போக்கோ கூடாமலிருந்தால் கொஞ்சம் கூட்டலாம், கூடினால் குறைக்கணும்.

உசிலம்பட்டியிலிருந்து வந்து மூன்று வாரம் எங்கள் வீட்டிலேயே தங்கிய மதினிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. குடம், கேஸ் சிலிண்டர், இட்லி மாவுச் சட்டி எதையும் என்னைத் தொடவிடவில்லை. அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து ஒரு வாளியைத் தூக்கப் போனேன். பாத்ரூமுக்குள்ளிருந்தே, “வாளிச் சத்தம் கேக்குது!” என்றார்.

மூன்றாவது வாரம் தெருமுக்கு வரை. நான்காவது வாரம் வண்டியூர் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டிய குளம், ஒரு பக்கம் ஏறத்தாழ 300 மீட்டர். மன்னர் என்ன நினைத்து வெட்டினாரோ, எனக்கு அது அளவுகோலாகப் பயன்பட்டது. முதல் நாள் அரைப் பக்கம் நடந்து கைபிடிச்சுவரில் உட்கார்ந்துவிட்டேன். மாரியம்மன் கோயில் பக்கம் பூ விற்கும் அம்மா எழுந்து வந்து, ஈரத்துணியை உதறிச் சுவரில் போட்டு, “கல்லு குளுந்து கெடக்கு, இதுமேல உக்காரு” என்றார். மறுநாளிலிருந்து அந்த இடத்தில் ஒரு மடித்த சாக்கு இருந்தது. ஐந்து சுற்று வேக நடை போடும் ஓய்வுபெற்ற தபால்கார ஐயா, நான்கோடு நிறுத்திவிட்டு ஐந்தாவதை என்னோடு நடக்க ஆரம்பித்தார். சர்க்கரைக்காக நடக்கிறவர் அவர். என் வேகத்தில் நடந்தால் அவருக்கு என்ன பிரயோஜனம்? கேட்டால், “அப்பத்தான் குளத்துல தண்ணி எவ்வளவு கெடக்குன்னு பாக்க முடியுது” என்பார்.

இனி என் திருட்டுத்தனம். ஆறாவது வாரம். வெளித்தழும்பு காய்ந்திருந்தது, ஒரு முழுச் சுற்று வந்துவிட்டேன், தலைக்கனம் ஏறிவிட்டது. தெப்பக்குளம் போகிறேன் என்று சொல்லிவிட்டு அழகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன். பழமுதிர்சோலைக்கு மேலே போகிற தார்ச்சாலைதானே, படிகூட இல்லையே என்று சமாதானம். மழை பெய்து விட்டிருந்தது, மரவாசம் ஆளைத் தூக்கியது. இரண்டாவது வளைவில் அடிவயிற்றில் சுருக்கென்று இழுத்தது. ரத்த ஈரம் பட்டது தெரிந்தது. பாலச்சுவரில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் பண்ண வெட்கப்பட்டு, எங்களுக்கு வழக்கமாக வரும் ஆட்டோ அண்ணனைக் கூப்பிட்டேன். அத்தனை தூரம் காலி வண்டியாக ஓட்டி வந்தார். திரும்பும்போது ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால், “அக்கா, வருது, வயித்தப் பிடிச்சுக்கங்க!” மதுரை ரோட்டில் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். இறக்கிவிட்டபோது ஒரு வழிக் காசு மட்டும் வாங்கினார். வீட்டில் மூச்சு விடவில்லை. நானேதான் அன்று ராத்திரி சொன்னேன்.

உள்தையலுக்குப் பெரிய சேதமில்லை. ஆனால் மேல்தோல் ஆறுவதும் உள்ளே ஆறுவதும் ஒரே கணக்கில்லை என்று டாக்டரம்மா திட்டினார். மறுபடி பத்து நாள் வீடு, பிறகு மறுபடி அரைப் பக்கம். பூக்கார அம்மா ஒன்றும் கேட்கவில்லை. சாக்கு அங்கேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து மலையேறும் நம் கூட்டத்துக்குச் சொல்ல வேண்டிய நன்றிக்கு இப்போது வருகிறேன். தைப்பூசத் தெப்பம் முடிந்த வாரம், ‘இந்தத் தடவை ஏற்றம் வேண்டாம், கீழக்குயில்குடி தாமரைக் குளத்தைச் சுற்றிட்டு ஐயனார் கோயில் ஆலமரத்தடியில் உட்காரலாம்’ என்று ஒன்பது பேரும் சேர்ந்து எனக்காகத் திட்டத்தை மாற்றினீர்கள். இரண்டு வாரம் கழித்து அதே மலையில் செட்டிப்புடவுக் குகைக்குப் படி ஏறினோம். ஏழெட்டுப் படிக்கு ஒருமுறை ஒருத்தர் செருப்பு வாரைச் சரிசெய்தார், இன்னொருத்தர் பறவை பார்த்தார், மூன்றாமவருக்குத் தண்ணீர்த் தாகம் எடுத்துக்கொண்டே இருந்தது. கொல்லிமலையில் நிற்காமல் ஏறுகிற ஆட்களுக்கு இங்கே என்ன தாகம்? எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்! மேலே பாறையில் செதுக்கிய அந்தப் பெரிய சமணத் தீர்த்தங்கரர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நானும் அவர் எதிரில் கால் மணி நேரம் உட்கார்ந்தேன்.

இறங்கும்போதுதான் தொடை நடுங்கியது. மூச்சுக்கு ஏற்றம் கஷ்டம் என்றால், படுத்தே கிடந்த தொடைக்கு இறக்கம் கஷ்டம். ஒவ்வொரு படியிலும் உடம்பு பாரத்தைப் பிரேக் போட்டுத் தாங்க வேண்டியிருக்கிறது. அப்போது ஒரு மூங்கில் கம்பு என் கைக்கு வந்தது. யார் கொடுத்தது என்று திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாரும் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போன ஞாயிறு பேச்சிப்பள்ளம். பாறையில் வரிசையாகச் செதுக்கிய உருவங்களுக்குக் கீழே வட்டெழுத்து என்கிற பழைய எழுத்தைத் தடவாமல் பார்த்தேன், சுனையை எட்டிப் பார்த்தேன், திரும்பிவிட்டேன். உச்சியில் இருக்கும் தீபத்தூணுக்குப் போகவில்லை. போகலாமா என்று யாரும் கேட்கவும் இல்லை. அதற்கும் சேர்த்து நன்றி. திங்கட்கிழமை காலையில் வலி இல்லை; தங்கச்சியிடம் சொல்லியாகிவிட்டது. வீட்டுக்காரருக்கு உரியதை வீட்டிலேயே சொல்லிவிட்டேன்.

மூங்கில் கம்பு என்னிடம் இருக்கிறது. நம் கூட்டத்து அண்ணன் ஒருத்தருக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து, நடக்கச் சொல்லிவிட்டார்களாம். சனிக்கிழமை காலை 5.45, தெப்பக்குளம், மாரியம்மன் கோயில் பக்கம். கம்பைக் கொண்டு வருகிறேன், அண்ணே. முதல் நாள் அரைப் பக்கம்தான். சாக்கு விரித்திருக்கும், டீ என் கணக்கு.

அன்புடன்,
தெப்பக்குளத்து நடைக்காரி