அம்மாவின் கையளவை எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மே மாதம் இரண்டாம் ஞாயிறு அன்னையர் தினம். அதையொட்டியே வைகாசி ஒன்றாம் தேதி எங்கள் வேலூர் மாவட்டக் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அந்த வாரம் முழுக்க அம்மாவைப் பற்றிய கவிதைகளும் நினைவுகளும் நாளிதழ்களில் நிறைய வருகின்றன. படிக்கும்போது மனம் இளகுகிறது. ஆனால் அநேகமாக எல்லாமே ‘அம்மாவின் கைப்பக்குவம் யாருக்கும் வராது’ என்ற வரியோடு நின்றுவிடுகின்றன. வராமல் போவதற்குக் காரணம், அவர்கள் இருக்கும்போது யாரும் அளந்து வைக்காததுதான். அம்மா உயிரோடு இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இதை இந்த வருஷமே செய்துவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

‘எவ்வளவு உப்பு போடுவ?’ என்று கேட்டால் நம் ஊர் அம்மாக்கள் ‘அந்தாஜா போடறதுதான் நைனா’ என்பார்கள். அதனால் கேட்கவே வேண்டாம். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசை அடுப்பு மேடையில் வையுங்கள். அதன்மேல் உப்பு ஜாடியை வைத்து, டேர் பட்டனை அமுக்கிப் பூஜ்யமாக்குங்கள். அம்மா வழக்கம்போல் அள்ளிப் போடட்டும். தராசில் மைனஸ் 14 என்று காட்டினால் அவர் எடுத்தது 14 கிராம். புளி, மிளகாய்த்தூள், பருப்பு எல்லாவற்றையும் இப்படியே அளக்கலாம். ஒரே நாள் அளவை நம்பாதீர்கள். யாரோ பார்க்கிறார்கள் என்றால் கை சற்று அடக்கமாகவே எடுக்கும். வேறு வேறு நாளில் மூன்று முறை அளந்து, நடு அளவை எழுதுங்கள். பெருங்காயம், மஞ்சள்தூள் போன்றவை இரண்டு மூன்று கிராமுக்குள் அடங்குபவை. அங்கே இந்தத் தராசு தடுமாறும். சின்ன ஸ்பூன் கணக்கே போதும்.

அடுத்து அவர் வைத்திருக்கும் ஆழாக்கு, டம்ளர், கரண்டி. ஆழாக்கு எல்லா ஊரிலும் ஒரே அளவாக இருந்ததில்லை. அதனால் புத்தகத்தில் உள்ள கணக்கை எடுக்காமல், அவருடைய ஆழாக்கில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி எடை போடுங்கள். தண்ணீர் எத்தனை கிராமோ அத்தனை மில்லி. மாவுக்கு மட்டும் அதே கணக்கைப் போட்டுவிடக் கூடாது. 200 மில்லி டம்ளரில் கேழ்வரகு மாவு 200 கிராம் பிடிக்காது. அமுக்கி எடுத்தால் ஒரு எடை, தளர்த்தி எடுத்தால் ஒரு எடை. அம்மா தலைதட்டி எடுக்கிறாரா, கோபுரமாக எடுக்கிறாரா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

உதாரணத்துக்கு ஆடி மாசக் கூழையே எடுத்துக்கொள்வோம். ஒரு டம்ளர் கேழ்வரகு மாவை இரண்டு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ராத்திரி மூடி வைக்கிறார். மறுநாள் நான்கு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கால் டம்ளர் நொய்யைக் கழுவிப் போட்டு, நசுங்கும் பதத்துக்கு வேக வைக்கிறார். தீயைக் குறைத்துவிட்டுத்தான் மாவுக் கரைசலை ஊற்றுகிறார். இவ்வளவோடு எழுதி நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அப்படி எழுதிய குறிப்பை வைத்துச் செய்தால் கூழ் கெட்டுப்போகும். ஏனென்றால் ஊற்றுவதற்கு முன் அவர் கரைசலின் அடியில் தங்கிய மாவைக் கையால் ஒரு கலக்குக் கலக்கியிருப்பார். அதை யாரும் எழுதவில்லை. கலக்காமல் ஊற்றினால் மேலே நின்ற தண்ணீர் முதலில் போய், அடிமாவு கடைசியில் மொத்தமாக விழுந்து கட்டி தட்டும். வெந்துவிட்டதா என்று அவர் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. விரலைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டுப் பார்க்கிறார். ஒட்டினால் இன்னும் வேக வேண்டும். மாவு வாசனையோடு இறக்கினால் வயிறு வலிக்கும். இறக்கியதும் சூட்டோடு இறுக மூடவும் மாட்டார். ஆறிய பிறகுதான் மூடி, மறுநாள் மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைப்பார்.

மாதத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். நம்மூர் சித்திரை வெயிலில் எட்டு மணி நேரத்தில் பொங்கிப் புளிக்கும் மாவு, மார்கழியில் இன்னும் நாலைந்து மணி நேரம் கேட்கும். தண்ணீரும் அப்படித்தான். போர் தண்ணீரின் உப்புக்குப் பருப்பு சீக்கிரம் மசியாது. அதற்கேற்ப அம்மா முன்கூட்டியே ஊறப்போட்டுப் பழகியிருப்பார். சென்னையில் கேன் தண்ணீரில் அதே நேரம் வேகவைத்தால் குழைந்துவிடும். பிள்ளைகள் ‘எனக்குக் கை வரவில்லை’ என்று நினைத்துக்கொள்வார்கள். விறகா, கேஸா, மண்சட்டியா, அலுமினியமா என்பதும் குறிப்பில் இருக்கட்டும்.

பேச்சைப் பதிவு செய்வது இதைவிடச் சுலபம், கெட்டுப்போவதும் சுலபம். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். எவர்சில்வர் தட்டிலோ மேஜையிலோ நேராக வைக்காமல், மடித்த துண்டின்மேல் ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். முதலில் அரை நிமிடம் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவு வேண்டாம், ஒலி சுருங்கிவிடும். போனிலுள்ள ரெக்கார்டரில் எடுத்து, டாக்குமெண்டாக அனுப்பலாம். கோப்புக்குத் தேதி, பெயர், விஷயம் மூன்றையும் சேர்த்துப் பெயரிடுங்கள். ஒரு பிரதி பென் டிரைவில், ஒன்று இன்னொரு ஊரில் இருக்கும் உறவினரிடம் இருக்கட்டும். வயதானவர்களுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் களைப்பு வரும். மறதி உள்ளவர்களுக்குக் காலை நேரமே தெளிவு.

‘உன் வாழ்க்கையைச் சொல்லும்மா’ என்றால் ‘என்ன இருக்கு சொல்ல’ என்று எழுந்து போய்விடுவார். கையில் ஒரு பொருளைக் கொடுங்கள். பீடி சுற்றியவருக்கு முறமும் கத்தரியும், தறி வீட்டுக்காரருக்கு ஒரு நூல்கண்டு. கை அசைய ஆரம்பித்தால் பேச்சும் வரும். தாலாட்டும் அப்படியே. நாற்காலியில் உட்கார வைத்துப் பாடச் சொன்னால் இரண்டடியில் மறந்துபோகும். மடியில் பேரக்குழந்தையோ தலையணையோ இருந்தால் ஆட்டத்தோடு அடிகள் வரும். அதில் வரும் மாமன் பெயர்களும் ஊர்ப்பெயர்களும் பல குடும்பங்களுக்கு வேறெங்கும் எழுதப்படாத வம்சாவளி. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் வீடுகளில் உருதும், இன்னும் பல வீடுகளில் தெலுங்கும் உண்டு. அவர் தாலாட்டிய மொழியிலேயே பதிவாகட்டும். தமிழில் சொல்லச் சொல்லி இடைமறிக்காதீர்கள்.

வருஷம் கேட்டால் பலருக்குத் தெரியாது. ஆதாரில் உள்ள பிறந்த தேதியும் பல நேரம் யாரோ உத்தேசமாகப் போட்டதுதான். ஊரறிந்த நிகழ்ச்சிகளை அடையாளமாக வைத்துக் கேளுங்கள்: 1969-ல் அண்ணா இறந்தபோது எந்த வகுப்பு, 1987-ல் எம்.ஜி.ஆர். இறந்தபோது எந்தக் குழந்தை கைக்குழந்தை. மாவட்டப் பெயரிலும் கவனம் வேண்டும். 1989-ல் பிரியும் வரை வேலூரைப் போலவே திருவண்ணாமலையும் வட ஆற்காடு மாவட்டம்தான். 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூரிலிருந்து தனியாயின. பழைய பத்திரத்தில் ஒன்றும் புது அட்டையில் ஒன்றுமாக இருப்பதைப் பேரப்பிள்ளைகள் இரண்டு ஊர் என்று நினைத்துவிடக் கூடாது.

பழைய போட்டோக்களின் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் எழுத வேண்டாம், முன்பக்கம் தடம் விழும். மெல்லிய பென்சில் போதும். சட்டக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல், ஜன்னல் வெளிச்சத்தில் ஃப்ளாஷ் இல்லாமல் அப்படியே போனில் எடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அம்மாவின் சம்மதம். ‘இதை எழுதாதே’ என்று அவர் சொன்னால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இழந்த குழந்தையைப் பற்றியோ புகுந்த வீட்டில் பட்டதைப் பற்றியோ அவராகப் பேசினால் கேட்கலாம், துருவக் கூடாது.

தங்கள் நாளிதழின் வேலூர் பதிப்பில் வாரம் ஒரு அரைக்கால் பக்கம் இதற்கு ஒதுக்கக் கோருகிறேன். வாசகர் அனுப்பும் அம்மாவின் செய்முறை ஒன்று, கிராம் கணக்கோடும், தண்ணீர், அடுப்பு, மாதம், ஊர்ப்பெயர் ஆகியவற்றோடும் வரட்டும். எங்கே கெடும், ஏன் கெடும் என்ற வரி இல்லாத குறிப்புகளைத் திருப்பி அனுப்பிக் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காட்பாடி.