கருவியுறையில் காந்தம் பொருத்தப்பட்ட முதுகுப்பை தொடர்பான முறைப்பாடு

முகாமையாளர் அவர்களுக்கு,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

உங்கள் நிறுவனத்தின் இணையக் கடையில் நான் முழு விலையும் செலுத்தி வாங்கிய 22 லீற்றர் முதுகுப்பை தொடர்பாக இம்முறைப்பாட்டை எழுத்தில் சமர்ப்பிக்கிறேன். இப்பையின் இடது தோள்பட்டியில், ஜி.பி.எஸ் கருவி அல்லது கைத்தொலைபேசி வைப்பதற்கென அமைக்கப்பட்டுள்ள உறையின் மூடி காந்தத்தால் மூடிக்கொள்கிறது. மார்புப் பட்டியின் கொளுக்கியிலும் காந்தம் இருக்கிறது. விற்பனை விபரத்தில் இவை பற்றி ஒரு சொல்லும் இல்லை. திசை பார்த்து நடப்பவர்களுக்கென்றே விற்கப்படும் பையில், திசைகாட்டும் கருவியை வைக்கும் இடத்திலேயே காந்தத்தைத் தைத்து வைத்திருப்பது சிறு குறையன்று. எந்தத் தேவைக்காக அந்தப் பை விற்கப்பட்டதோ அந்தத் தேவையையே அது கெடுக்கிறது. மழைநீர் புகுதல், உள்ளறைகள் படத்தில் காட்டியவாறு இல்லாமை, நிறம் மாறி வந்தமை ஆகிய வேறு குறைகளும் உள்ளன. அவற்றையும் கீழே எழுதுகிறேன். ஆனால், காந்தம் பற்றிய குறைக்குத் தீர்வு தராமல் மற்றவற்றுக்கு மட்டும் பதில் அனுப்பினால் அதை நான் ஏற்கமாட்டேன்.

உங்கள் விற்பனைப் பக்கம் இந்தப் பையை ஜியோகேச்சிங், காட்டு நடை, கள ஆய்வு ஆகியவற்றுக்கு ஏற்றது என்று விபரிக்கிறது. ஆயினும், தொலைபேசியில் என்னுடன் பேசிய உங்கள் அலுவலருக்கு ஜியோகேச்சிங் என்றால் என்னவென்று தெரிந்திருக்கவில்லை என்பதால் அதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவர் ஒரு சிறு பெட்டியை ஓரிடத்தில் மறைத்து வைத்து அதன் ஆள்கூறுகளை வெளியிடுவார், மற்றவர்கள் ஜி.பி.எஸ் துணையுடன் அதைத் தேடிக் கண்டெடுத்து, உள்ளே இருக்கும் குறிப்புத்தாளில் பெயரும் திகதியும் எழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பார்கள். பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000 ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அதன் துல்லியம் எவ்வளவு கூடியிருக்கிறது என்பதைச் சோதிப்பதற்காக, மே 3 ஆம் திகதி டேவ் உல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்து வைத்ததிலிருந்தே இந்தப் பொழுதுபோக்கு தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர்கள் மூலமாக அது எங்கள் குடும்பத்துக்கும் அறிமுகமாயிற்று. பிள்ளைகளுக்குப் புவியியலையும் ஊரையும் ஒன்றாகக் கற்பிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வன்னியில் இதில் ஈடுபடுபவர்களுக்கு மற்ற இடங்களில் தேவைப்படாத ஒரு கவனமும் தேவைப்படுகிறது. மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 ஆம் ஆண்டு டிசம்பரில் இணைந்தது. ஆனாலும் அகற்றும் பணி முடிந்துவிடவில்லை. முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கங்களில் மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள். இனந்தெரியாத பொருளைத் தொடக்கூடாது என்பதே அவர்கள் பள்ளிக்கூடத்தில் கற்ற முதற்பாடங்களில் ஒன்று. ஆகவே, உள்ளே இருப்பது தெரியும்படியான கண்ணாடிப் பெட்டிகளையே நாங்கள் பயன்படுத்துகிறோம். அவற்றின் மேல் தமிழிலும் சிங்களத்திலும் விளக்கம் ஒட்டி, எங்கள் சொந்தக் காணிகளிலும், உரியவர்களின் அனுமதி பெற்ற இடங்களிலும், ஆட்கள் நடந்து பழகிய பாதைகளின் ஓரத்திலும் மட்டுமே வைக்கிறோம். பெட்டியை மண்ணில் புதைக்கக்கூடாது என்பது இவ்விளையாட்டின் பொது விதியும் ஆகும். பிள்ளைகள் பாதையை விட்டு விலகாமல் நடக்க வேண்டுமானால் கருவி காட்டும் திசை சரியாக இருக்க வேண்டும்.

இப்போது காந்தத்துக்கு வருகிறேன். ஜி.பி.எஸ் கருவி தான் நிற்கும் இடத்தைச் செய்மதிச் சமிக்ஞைகளிலிருந்து கணிக்கிறது. அதைக் காந்தம் பாதிப்பதில்லை. நாம் வேகமாக நடக்கும்போது, அடுத்தடுத்த இடங்களை ஒப்பிட்டு நாம் போகும் திசையையும் அதனால் கணிக்க முடிகிறது. ஆனால் பெட்டி இருக்கும் இடத்தை நெருங்கி, மெதுவாக நடந்தும் நின்றும் தேடும்போது அந்தக் கணிப்புக்கு இடமில்லை. அப்போது அம்புக்குறியைத் திருப்புவது கருவிக்குள் இருக்கும் காந்தப்புல உணரிதான். பூமியின் காந்தப்புலம் மிக மெல்லியது. உங்கள் உறையின் மூடியில் உள்ள காந்தம் அந்த உணரியிலிருந்து ஓரிரு சென்ரிமீற்றர் தூரத்தில் இருக்கும்போது, உணரி பூமியின் வடக்கை விட்டு உங்கள் மூடியையே வடக்கு என்று காட்டும்.

இதை நான் வீட்டு முற்றத்தில் இரும்புப் பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வைத்துச் சோதித்தேன். உறைக்கு வெளியே சரியான வடக்கைக் காட்டிய கைத்தொலைபேசி, உறைக்குள் வைத்து மூடியதும் ஏறத்தாழ 40 பாகை விலகிக் காட்டியது. சாதாரண ஊசித் திசைகாட்டியை மூடியின் அருகே கொண்டுபோனபோது ஊசி முழுவதுமாகச் சுழன்று மூடியை நோக்கித் திரும்பியது. 40 பாகை பிழையான திசையில் 20 மீற்றர் நடந்தால், சரியான கோட்டிலிருந்து ஏறத்தாழ 13 மீற்றர் பக்கவாட்டில் விலகிவிடுவோம். ஒரு நகரப் பூங்காவில் அந்த 13 மீற்றர் வெறும் தாமதம். குளக்கட்டின் கீழ்ப்பக்கத்திலோ காட்டுப் பாதையின் ஓரத்திலோ அது பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்குவதாகும். அங்கே புடையன் பாம்பு கிடக்கலாம். யானை நடமாட்டமுள்ள பக்கங்களில் பொழுது சாய்வதற்கு முன் திரும்பிவிட வேண்டும் என்பதால், தேடலில் வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் எங்களுக்குப் பொருட்டானது.

இதற்கு உங்கள் அலுவலர் தந்த பதில், கைத்தொலைபேசியை எட்டு வடிவில் அசைத்து அளவுதிருத்தம் செய்துகொள்ளுங்கள் என்பதாகும். அந்த முறை கருவியோடு மாறாத நிலையில் ஒட்டியிருக்கும் காந்தப் பாதிப்பைக் கழிப்பதற்கே உதவும். உங்கள் மூடியோ திறக்கும்போது ஒரு நிலையிலும் மூடும்போது இன்னொரு நிலையிலும் இருக்கிறது. உடல் அசையும்போது கருவியும் உறைக்குள் நகர்கிறது. மூடியபடி திருத்திய அளவு திறந்ததும் பிழையாகிவிடும். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இடையே இயல்பாகவே வேறுபாடு உண்டு என்றும் அவர் சொன்னார். இலங்கையில் அந்த வேறுபாடு ஓரிரு பாகைகளே. 40 பாகைக்கு அது விளக்கமாகாது. கருவியை வெளியே எடுத்துப் பாருங்கள் என்ற ஆலோசனையையும் என்னால் ஏற்க முடியவில்லை. வெளியே எடுக்காமலே திரையைப் பார்க்கலாம் என்று கூறித்தான் கண்ணாடிச் சாளரம் வைத்த அந்த உறையை நீங்கள் விளம்பரம் செய்கிறீர்கள். தவிர, வெளியே எடுத்துக் கையில் பிடித்தாலும் அது மார்புப் பட்டியின் காந்தக் கொளுக்கிக்கு நேர் முன்னால்தான் வருகிறது.

காந்தம் தேவையே இல்லாத இடம் அது. ஒரு சாதாரண பிளாஸ்ரிக் கொளுக்கியோ ஒட்டும் பட்டியோ அதே வேலையைச் செய்யும், விலையும் குறைவு. இந்தப் பையை வடிவமைத்தவர்கள் ஒருமுறையாவது அதில் ஒரு திசைகாட்டியை வைத்துப் பார்த்திருந்தால் இது கடைக்கு வந்திருக்காது.

இரண்டாவது குறை நீர் புகுவது. மழையில் உள்ளே ஈரம் வராது என்று உங்கள் விபரம் உறுதி கூறுகிறது. வன்னியின் மழை பெரும்பாலும் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வட கீழ்ப் பருவக்காற்றோடு வருவது. தூறலாக அல்ல, மணிக்கணக்காகக் கொட்டுவது. கார்த்திகையில் இரணைமடுப் பக்கம் சென்றபோது அப்படி ஒரு மழையில் பையின் அடியில் நீர் தேங்கி, மாற்றுவதற்காக எடுத்துச் சென்ற குறிப்புத்தாள்கள் அனைத்தும் கூழாயின. பையை உட்புறம் திருப்பிப் பார்த்தேன். துணியின் உட்பூச்சு நன்றாகவே இருக்கிறது. நீர் வந்தது தையல் வழியாக. ஊசி துளைத்த ஒவ்வொரு இடமும் ஒரு துவாரம்தான். அந்தத் துவாரங்களின் மேல் உட்புறமாக நாடா ஒட்டி அடைத்திருக்க வேண்டும். அது எங்கும் செய்யப்படவில்லை. சிப்பும் பூச்சில்லாத சாதாரண சிப். அதன் மேல் மழையைத் தள்ளிவிடும் மடிப்பும் இல்லை. புகுந்த நீர் வெளியேற அடியில் ஒரு வடிதுளைகூட இல்லாததால் பூச்சுள்ள அதே துணி நீரை உள்ளேயே பிடித்து வைத்தது. மழையுறை தனியாக விற்கப்படுகிறது என்று உங்கள் அலுவலர் சொன்னார். அப்படியானால் அந்த உறுதிமொழியை விபரத்தில் எழுதியிருக்கக்கூடாது.

உள்ளமைப்பைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் இந்தப் பையைத் தேர்ந்ததே உங்கள் படத்தில் கண்ட உள்ளறைகளுக்காகத்தான். இந்தத் தேடலுக்குப் போகிறவர் கொண்டுசெல்லும் பொருட்கள் எண்ணிக்கையில் அதிகம், உருவில் மிகச் சிறியவை. பென்சில், ஏனெனில் ஈரத்தாளில் பேனா எழுதாது, விரல்நுனி அளவே உள்ள பெட்டியிலிருந்து சுருட்டிய தாளை இழுத்தெடுக்கச் சாமணம், பொந்துக்குள் கைவிடுமுன் பார்ப்பதற்கு மின்சூள், கையுறை, பழுதான பெட்டிக்கு மாற்றாக இறப்பர் வளையமுள்ள சிறு டப்பாக்கள், ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள், பரிமாறுவதற்கான சிறு விளையாட்டுப் பொருட்கள், மேலதிக பற்றரிகள். இவற்றுள் பற்றரிகள் நாணயங்களோடும் சாவிகளோடும் சேர்ந்து கிடக்கக்கூடாது. முனைகள் உலோகத்தால் இணைந்தால் சூடேறும். உங்கள் படத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் ஏற்ற சிறு அறைகள் வெளிர்நிற உட்துணியில் தைக்கப்பட்டிருந்தன. எனக்கு வந்த பையில் இருப்பது ஒரே ஒரு பெரிய வலைப்பையும் கறுப்பு உட்துணியும். கறுப்புத் துணியின் அடியில் விழுந்த சாமணத்தை நண்பகலிலும் கண்டெடுக்க முடியவில்லை. தண்ணீர்ப் போத்தலுக்கான வெளி உறைகள் அரை லீற்றர்ப் போத்தலைத்தான் கொள்ளும். கோடையில் நிழலற்ற கிறவல் வீதிகளில் நடக்கும் ஒருவருக்கு அது போதாது. தோள்பட்டிகளின் தையலும் முதுகுப்புற மெத்தையும் உறுதியாக உள்ளன என்பதையும் நியாயமாகப் பதிவுசெய்கிறேன். அவற்றில் எனக்குக் குறையில்லை.

நிறம் பற்றியது கடைசிக் குறை; ஆயினும் எங்களுக்கு அது அழகு சம்பந்தப்பட்டதன்று. நான் கேட்டது செம்மஞ்சள். வந்தது படையினர் சீருடையை ஒத்த கரும்பச்சைப் புள்ளித் துணி. மதகின் ஓரத்தில் குந்தியிருந்து எதையோ தேடும் ஒருவரின் முதுகில் அப்படியொரு பை இருந்தால் ஊரவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதை இங்கு வாழ்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தூரத்திலிருந்தே தெரியும் நிறத்தை நான் தேர்ந்தது, எங்களை எவரும் ஐயத்தோடு பார்க்கக்கூடாது என்பதற்காகவும், பிள்ளைகள் ஒருவரையொருவர் கண்பார்வையில் வைத்திருக்க வேண்டும் என்பதற்காகவுமே. கையிருப்பில் உள்ள நிறத்தை அனுப்புவது வழமை என்ற பதில் எனக்கு வருத்தத்தையே தந்தது. என்னிடம் கேட்காமல் அதைச் செய்திருக்கக்கூடாது.

பயன்படுத்தப்பட்ட பொருளை மீளப்பெறுவதில்லை என்ற உங்கள் விதியை நான் வாசித்திருக்கிறேன். ஆனால் மழையில் நனையாமல் தையல் ஒழுகுவதையும், கருவியை உறைக்குள் வைத்து நடக்காமல் திசை பிழைப்பதையும் எவரும் அறிய முடியாது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் வணிக நடத்தையைத் தடைசெய்கிறது. கொடுத்த உத்தரவாதத்துக்கு அமையாத பொருள் பற்றி, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்யவும் அது இடமளிக்கிறது. அந்தக் காலம் எனக்கு இன்னும் முடியவில்லை.

ஆகவே, பையின் முழு விலையையும் கிளிநொச்சிக்கு அனுப்பிய செலவையும் எனக்குத் திருப்பித் தந்து, பையை உங்கள் செலவிலேயே எடுத்துச் செல்லுமாறு கேட்கிறேன். அதே பையின் செம்மஞ்சள் நிறத்தை மாற்றாக அனுப்புவது எனக்கு வேண்டாம். அதிலும் அதே காந்தம்தான் இருக்கும். கருவியுறையிலும் மார்புக் கொளுக்கியிலும் காந்தம் உண்டு என்பதை விற்பனைப் பக்கத்தில் தெளிவாக எழுத வேண்டும். ஏற்கெனவே இப்பையை வாங்கியவர்களுக்கும் அதை அறிவிக்க வேண்டும். பணத்தைவிட இந்தக் கோரிக்கையையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். ஏனெனில் என் கருவி பிழையாகக் காட்டியதற்கான காரணத்தை நான் அறிந்துகொண்டேன். இதே பையை மாட்டிக்கொண்டு, அறியாத காட்டில் அம்புக்குறியை நம்பி நடக்கும் இன்னொருவருக்கு அது தெரியாது.

இக்கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் அனுப்புமாறு வேண்டுகிறேன். பதில் வராவிட்டால், இதன் பிரதியைப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு அனுப்பிவைப்பேன். பற்றுச்சீட்டின் பிரதி, நான் கேட்ட நிறத்தைக் காட்டும் கட்டளைப் படிவம், வாங்கிய நாளில் சேமித்த உங்கள் விற்பனைப் பக்கத்தின் அச்சுப்பிரதி, தையல்களின் ஒளிப்படங்கள், உறையின் உள்ளும் புறமும் திசைகாட்டி காட்டிய அளவுகளின் ஒளிப்படங்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இங்ஙனம்,
தங்கள் வாடிக்கையாளர்,
கிளிநொச்சி.