வேப்பமரத்தடி மாலைக் கூட்டத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

ஊர்ப் பெரியவர்களுக்கும், அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வந்து சேர்ந்த உறவுகளுக்கும் வணக்கம்.

போன ஞாயிறு மாலை நம் கிளை நூலகத்தின் வேப்பமரத்தடியில் 40 நாற்காலிகள் போட்டிருந்தோம். அவை நிறைந்ததும் கோயில் ஜமுக்காளத்தை விரித்தோம். அதிலும் இடமில்லாமல் இளவட்டங்கள் மதில்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தியைப் படித்துப் பேச நம் ஊரில் இவ்வளவு பேர் கூடியதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று ஒலிபெருக்கியில் சரியாகச் சொல்ல முடியாமல் போன நன்றியை இங்கே எழுதுகிறேன்.

அவர் பிறந்த ராமநாதபுரம் மாவட்டத்துப் பெருநாழி நமக்குத் தூரத்து ஊர் இல்லை. அந்த மண்ணில் பிறந்து, ராணுவத்தில் இருந்து, பிறகு அஞ்சல் துறையில் வேலை பார்த்து, வீதி நாடகத்தில் நடித்து, கதை எழுதியவர் அவர். நம் பிள்ளைகளோ அவரை 'எதிர்நீச்சல்' தொலைக்காட்சித் தொடரின் ஆதி குணசேகரனாக மட்டுமே அறிந்திருந்தார்கள். 2023 செப்டம்பரில் நடிகர் மாரிமுத்து காலமான பிறகு அந்த வேடம் இவரிடம் வந்தது. என் பெரியம்மா ஒருநாள் தொடர் பார்த்துக்கொண்டே, இவர் கதையும் எழுதுவாராமே, உண்மையா என்று கேட்டார். முதல் நன்றி பெரியம்மாவுக்குத்தான். அந்தக் கேள்வி இல்லையென்றால் இந்த மாலையே இல்லை.

அருப்புக்கோட்டையில் தையல்கடை வைத்திருக்கும் அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது! வேல ராமமூர்த்தியின் 'கூட்டாஞ்சோறு' பத்திரிகையில் தொடராக வந்த காலத்தில் அவருடைய அப்பா வாரம் தவறாமல் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, சாக்கு ஊசியால் தைத்து, காக்கி அட்டை போட்டு வைத்திருக்கிறார். அந்தத் தொடர்தான் பிறகு 'குற்றப் பரம்பரை' என்ற நாவலாக வந்தது. அப்பா மறைந்த பிறகு யாருக்கும் இரவல் கொடுக்காத அந்தத் தொகுப்பை, முன்பின் பார்த்திராத எங்களை நம்பிக் கொடுத்தனுப்பினார். அதைத் தன் இருக்கைக்குப் பக்கத்திலேயே வைத்து, கடைசி பஸ்ஸில் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த கண்டக்டர் அண்ணனுக்கும் நன்றி.

பேசி வைத்திருந்த மண்டபம் முந்தின நாள் இரவு இல்லையென்று ஆகிவிட்டது. சினிமாக்காரருக்குக் கூட்டம் போட்டால் கலாட்டா வரும் என்றார்கள். மனம் மிகவும் நொந்தது. நூலகர் அம்மா ஒரு வார்த்தை கேட்காமல் வாசல் கதவைத் திறந்துவிட்டார். தேநீர்க் கடை மாமா பாத்திரங்களோடு அங்கேயே வந்து அடுப்பு மூட்டிவிட்டார். மைக் செட் தம்பி வாடகை வாங்க மறுத்துவிட்டான்.

பிளஸ் ஒன் படிக்கும் மாணவன் அந்த நாவலில் வேயன்னா என்ற தலைவரும் அவருடைய ஊரான கொம்பூதியும் வரும் பக்கங்களை வாசித்தான். முதல் பக்கத்தில் குரல் நடுங்கியது. மூன்றாம் பக்கத்தில் அவன் வாசிக்கவில்லை, நடித்துக்கொண்டிருந்தான். வாசிப்பு முடிந்ததும் முன்வரிசையில் இருந்த அப்பத்தா யாரும் அழைக்காமலே எழுந்து நின்றார். ரேகைச் சட்டம் என்று சொல்லப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டக் காலத்தில் தன் அப்பா இரவானால் வீட்டில் படுக்க முடியாது, போலீஸ் கண்முன்னால்தான் படுத்துக் கிடக்க வேண்டும் என்று சொன்னார். ஆங்கிலேயர் 1871-இல் வடக்கே கொண்டுவந்து, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டித்த சட்டம் அது. ஒரு குற்றமும் செய்யாதவரையும் பிறப்பை வைத்தே குற்றவாளி என்று பதிவுசெய்து கைரேகை எடுத்தது. இங்கே 1947-இல்தான் ஒழிந்தது. இத்தனை காலம் பேரன் பேத்திகளிடம்கூடச் சொல்லாததை அப்பத்தா அன்று எங்கள் எல்லோரிடமும் சொன்னார். அப்பத்தா, உங்கள் கால்களைத் தொட்டு வணங்குகிறேன்.

அதற்குப் பிறகு பேச்சு நடிப்பின் பக்கம் திரும்பியது. அறுபதை ஒட்டிய வயதில் சினிமாவுக்கு வந்தவர் என்று வேல ராமமூர்த்தியைச் சொல்வார்கள். நடிப்பு அப்போதுதான் வந்தது என்பதை நான் ஏற்கமாட்டேன். 2013-இல் வந்த 'மதயானைக் கூட்டம்' படத்தில் வீரத்தேவராக அவர் பேசாமல் நிற்கும் இடங்களைப் பாருங்கள். மேடையும் விளக்கும் இல்லாத வீதியில் கூட்டத்தை நிறுத்திப் பழகிய உடம்பு அது. எந்தச் சொல்லில் அழுத்தம் விழவேண்டும் என்று காகிதத்தில் எழுதி எழுதிக் கண்டுகொண்டவர், 'கிடாரி' படத்தின் கொம்பையா பாண்டியனாகவும் அதே கணக்கில்தான் பேசுகிறார். எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சினிமா அவரிடம் மீசையையும் கோபத்தையும் மட்டுமே திரும்பத் திரும்பக் கேட்கிறது. அவருடைய 'இருளப்பசாமியும் 21 கிடாயும்' சிறுகதையைப் படித்தவர்களுக்கு, அவருக்குள் இருக்கும் ஈரமும் தெரியும். அந்தக் கதையை அன்று மனப்பாடமாகச் சொன்ன ஆசிரியருக்கு என் தனி வணக்கம்.

நாற்காலிகளை மடக்கி, குப்பை கூட்டி, இரவு பத்து மணிக்குமேல் வீட்டுக்குப் போன பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் நன்றி.

தையல்கடை அக்காவின் தொகுப்பு சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில், அதே கண்டக்டர் அண்ணன் கையில் திரும்பிப் போகிறது. நூலகத்தில் 'குற்றப் பரம்பரை' ஒரு பிரதிதான் இருக்கிறது. கேட்டுப் பெயர் எழுதியவர்கள் இதுவரை 11 பேர். முதலில் வாங்கிப்போயிருப்பது பெரியம்மா. அவர் முடித்ததும் அடுத்தவருக்கு நானே கொண்டுவந்து தருகிறேன்.