பாட்ஸ்டோ ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வாலின் வடகரையில், பாட்ஸ்டோ துறைமுகத்தில் நூறாண்டுகளுக்கு முன் வாழ்ந்து மறைந்த பெரியவர்களே,

என் முதல் நன்றி உங்களுக்குத்தான். உங்கள் ஊர் நெல்லி ஸ்லாகெட் 17 வயதில் நோயால் முடங்கிப் படுக்கையில் விழுந்தார். 1829இல் நாட்டுப்புறக் கதைத் தொகுப்பாளர் ராபர்ட் ஹண்ட் செய்ததுபோல் ஊர் ஊராக நடந்து கதை திரட்ட அவரால் இயலவில்லை. நீங்கள் அவரைத் தேடிச் சென்றீர்கள். பழகிய வயலிலேயே ஆளை வழிதவறச் செய்யும் பிஸ்கிகள் என்ற குறும்புக்காரக் குட்டித் தேவதைகளைப் பற்றி, மேலங்கியைப் புரட்டி அணிந்தால் அந்த மயக்கம் தெளியும் என்பதைப் பற்றியெல்லாம் பேச ஆள் இல்லாமல் போயிருந்தால், எனிஸ் டிரிகார்தன் என்ற புனைபெயரில் அவர் எழுதிய நூல்கள் ஏது?

1906இல் வந்த அவருடைய தொகுப்பில் டூம் பார் கதையைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். கேமல் ஆற்றின் முகத்துவாரத்தில் கிடக்கும் அந்த மணல்திட்டில் 600க்கும் மேற்பட்ட கப்பல்கள் தரைதட்டியோ கவிழ்ந்தோ உடைந்தோ போயிருக்கின்றன. டிரிஸ்ட்ராம் பேர்ட் என்ற உள்ளூர் இளைஞன், தன்னை மணக்க மறுத்த கடற்கன்னியைச் சுட்டுவிடுகிறான். சாகும் தறுவாயில் அவள் ஒரு பிடி மணலை வீசித் துறைமுகத்தைச் சபிக்கிறாள். பிள்ளைகளைக் கடலுக்குப் பறிகொடுத்த ஊர், பழியைக் கடலின் மீது போடவில்லை. தன் மகன் கையிலிருந்த துப்பாக்கியின் மீது போட்டது. அந்த நேர்மை என்னை உலுக்குகிறது. அதை மழுப்பாமல் சொல்லிச் சென்றதற்காக உங்களை வணங்குகிறேன்.

1923இல் அவர் மறைந்த பிறகு, அச்சேறாத கையெழுத்துத் தாள்களைப் பழைய காகிதம் என்று எறிந்துவிடாமல் காத்தவர்களுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். அவற்றைத் தொகுத்து, 1940இல் ‘பிஸ்கி ஃபோக்’ என்ற நூலாக வெளியிட்டார் அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் யேட்ஸ். தன் எழுத்துக்குச் செலவிட வேண்டிய நேரத்தை இன்னொருவருடைய எழுத்துக்குக் கொடுத்த அந்த அம்மையாருக்கு என் நன்றி.

காப்புரிமை முடிந்த நூல்களை ஊதியமின்றி மெய்ப்புப் பார்த்து இணையத்தில் ஏற்றும் குட்டன்பெர்க் திட்டத் தன்னார்வலர்களே, உங்களுக்கும் நன்றி. சிரிப்பைத் தொலைத்துவிட்டு அதைத் தேடியலையும் பிஸ்கியின் கதையை என் பிள்ளைகளுக்கு இன்று தமிழில் சொல்ல முடிவது உங்களால்தான்.

அன்புடன்,
ஒரு வாசகர்