கொலம்பஸிலிருந்து ஒரு 45

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. சம்பந்தி வீட்டு விவகாரம் ஒருவழியாகச் சுமுகமாக முடிந்ததில் நிம்மதி. இங்கே குளிர் விட்டுவிட்டது. கறிவேப்பிலைத் தொட்டியை வெளியே வைக்கலாமா வேண்டாமா என்று வீட்டில் தினமும் வாக்குவாதம்.

'எல்லாம் யூடியூபில் கிடைக்கும்போது அரதப்பழசான இசைத்தட்டை எவன் மறுபடி வெளியிடுவான்?' என்று கேட்டிருந்தாயே, இந்த ஊர்க் கதையையே கேள். பில் மாஸ் என்று ஒருவர். கொலம்பஸின் டபிள்யூவிகேஓ வானொலியில் டிஜே. 1970 வாக்கில் கேப்சோல் என்ற பெயரில் சொந்த இசைத்தட்டுக் கம்பெனி ஆரம்பித்து, ஊர்ப் பையன்களைப் பாடவைத்து 45 தட்டுகளாக (நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் சின்னத் தட்டு) போட்டார். தானே பாடிய ஃபங்க் பாட்டு ஒன்றும் உண்டு: 'சாக் இட் டு எம், சோல் பிரதர்'. கம்பெனி சில வருஷத்திலேயே படுத்துவிட்டது. மனிதர் பிறகு ஊர்க் கல்வி வாரியத்துக்குத் தேர்தலில் நின்று ஜெயித்தார்.

பழைய பாட்டுகளைத் தேடி மறுபடி வெளியிடுவதற்கென்றே 2003-ல் சிகாகோவில் தொடங்கிய நியூமரோ குரூப் என்ற கம்பெனி, தன் முதல் வெளியீடாகவே கேப்சோல் பாட்டுகளைத் தொகுத்து 2004-ல் கொண்டுவந்தது. மாஸ் இறந்தது 2005-ல். கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஒலியைச் சரிசெய்வதுதான் பெரிய வேலை என்று நினைப்போம். மாஸ்டர் டேப் (ஸ்டூடியோவில் பதிந்த மூல நாடா) இல்லையென்றால் தேயாத தட்டாகப் பார்த்து எடுத்து, கரகரப்பை நீக்கிவிடலாம். அதற்கு ஆள் இருக்கிறார்கள். உரிமை உள்ளவர்களிடம் கையெழுத்து வாங்குவதுதான் பாடு. பாடியவர் ஒருவர், எழுதியவர் ஒருவர், ஸ்டூடியோவுக்குப் பணம் கட்டியவர் இன்னொருவர், துண்டுச்சீட்டுகூட மிஞ்சியிராது. போதாததற்கு, 1972 பிப்ரவரி 15-க்கு முந்தைய ஒலிப்பதிவுகளுக்கு இங்கே அமெரிக்காவில் மத்தியச் சட்டத்தில் பாதுகாப்பே இல்லாமல் இருந்தது. மாநிலத்துக்கு மாநிலம் ஒரு விதி இருந்தது. 2018-ல்தான் அவற்றையும் மத்தியச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். திருட்டுப் பதிப்பு போடுகிறவனுக்கு இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. தட்டிலிருந்து அப்படியே எடுத்து அடித்துவிடுவான். சேகரிப்பவர்களும் 'ஒரிஜினல் பிரஸ்ஸிங்' (அந்தக் காலத்திலேயே அடித்த தட்டு) என்று ஒருவரிடமிருந்து ஒருவர் எக்கச்சக்க விலைக்கு வாங்குவார்கள். பாடியவருக்குச் சல்லிக்காசு போகாது. எனக்கு எரிச்சல் அதில்தான்.

நேர் எதிராகவும் நடந்திருக்கிறது. பிரிக்ஸ் என்று இதே ஊரில் இன்னொரு கம்பெனி. அதன் பழைய டேப்புகளில் 'பென்னி அண்ட் தி குவார்ட்டர்ஸ்' என்றொரு குழுவின் ஒத்திகைப் பதிவு இருந்தது. நியூமரோ 2007-ல் அதை வெளியிட்டது. 2010-ல் ஒரு ஹாலிவுட் படத்தில் அந்தப் பாட்டு வந்து பிரபலமாகிவிட்டது. ஆனால் பாடிய பென்னி யாரென்றே தெரியவில்லை! ராயல்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஆளைத் தேடினார்கள். கடைசியில் கிடைத்தார்.

போன மாதம் கடையில் பழைய 45 ஒன்றை எடுத்துப் பார்த்தேன். லேபிளில் பால்பாயிண்ட் பேனாவால் யாரோ பெயர் எழுதியிருந்தார்கள். பார்ட்டிக்கு எடுத்துப் போனால் மாறிவிடக் கூடாதே என்று அப்படி எழுதுவார்களாம். நம் ஊர்க் கல்யாண வீட்டுப் பாத்திரம்தான் போ!

நம் பக்கத்திலும் இது நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்ற கம்பெனி, இளையராஜாவின் பழைய பாட்டுகளைத் தொகுத்து எல்பி (பெரிய இசைத்தட்டு) போட்டது. ஆனால் ராஜாவுக்கு முகவரி இருக்கிறது. உன் பரணில் இருக்கிற மெல்லிசைக் குழுத் தட்டுகளில் வாசித்தவர்களுக்கு? இரண்டு பக்க லேபிளையும் தெளிவாகப் படமெடுத்து அனுப்பு, லேபிளைச் சுற்றி, பாட்டு முடிகிற வெற்றிடத்தில் கீறியிருக்கும் எண்ணையும் சேர்த்து. உங்கள் தெருவில் கிளாரினெட் வாசித்தாரே ஒருவர், அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா? இருந்தால் முதலில் அவரைப் போய்ப் பார்.

அன்புடன்,
ரகு