மட்பாண்டச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் சிறுவர்களின் கோடை வகுப்பும் வழமைபோல் நடந்தன. சூளை பழுதாகித் திருத்தப்பட்டது.

இந்த ஆண்டின் பெரிய வேலை, பீங்கான் கலைஞர் எட்மண்ட் டி வால் பற்றியும் யூதர்களின் சடங்குப் பாத்திரம் பற்றியுமான வகுப்புத் தொடர். லண்டன் தமிழர் சங்கத்துக்கு யூத வழிபாட்டில் என்ன அலுவல் என்று செயற்குழுவில் கேட்டார்கள். பதிலை இங்கே பதிந்து வைக்கிறேன்.

டி வால் 1964இல் நொட்டிங்ஹாமில் பிறந்தவர். பாட்டி வியன்னாவின் எஃப்ருசி என்ற யூதக் குடும்பத்துப் பெண். 1938இல் அந்தக் குடும்பத்தின் மாளிகையை நாஜிகள் பறித்தார்கள். 2019இல் டி வால் வெனிசில், 1516இல் யூதர்களை ஒதுக்கி வைத்த கெட்டோ என்ற குடியிருப்பிலும் நகரின் இன்னொரு மண்டபத்திலுமாக 'சங்கீதம்' என்ற தலைப்பில் தம் படைப்புகளை வைத்தார். வேதாகமத்தில் நாம் சங்கீதம் என்று படிக்கும் அதே மன்றாட்டுப் பாடல்கள்தான்.

மண்டபத்தில் ஒரு நூலகமே கட்டினார். வெளிச்சுவரில் பீங்கான் மண்ணைக் கரைத்துப் பூசி, உலகில் அழிந்துபோன நூலகங்களின் பெயர்களை அதில் எழுதினார். உள்ளே நாடிழந்த எழுத்தாளர்களின் நூல்கள், ஏறக்குறைய 2,000. அவற்றோடு நான்கு கண்ணாடிப் பேழைகள். பேழைக்குள் இருப்பவற்றை அடுக்கிய முறை, டேனியல் பொம்பெர்க் 16ஆம் நூற்றாண்டில் வெனிசில் அச்சிட்ட, யூதர்களின் சமயச் சட்ட நூலான தல்மூத் பக்கத்தின் அமைப்பைப் பின்பற்றியது: நடுவில் மூலம், சுற்றிவர உரைகள். குறளை உரையோடு படித்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ணால் கண்டவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இதைவிட நமக்கு நெருக்கமான பாடம் எது? 2020இல் டி வாலின் நூலகம் பிரிட்டிஷ் மியூசியத்துக்கும் வந்தது. நூல்கள் பிறகு ஈராக்கின் மோசுல் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

செய்முறைக்கு, ரொட்டி உண்ணுமுன் யூதர்கள் கைகழுவும் இரட்டைப் பிடிக் குவளையை எடுத்தோம். ஒரு கையால் பிடித்து மறுகைக்கு வார்த்து, அப்புறம் கை மாற்ற வேண்டும். அதற்குத்தான் இரண்டு பிடி. கூடவே சொல்லும் ஒரு துதியும் உண்டு. பிடி ஒட்டும் இடத்தைக் கீறிக் கரைத்த மண் தடவாவிட்டால் காயும்போதே வெடித்துவிடும். வந்தவர்கள் இதைக் கையால் செய்து கற்றார்கள்.

வந்தவர்கள் சிலரே என்பதுதான் வருத்தம். பெயர் கொடுத்தவர்களை நம்பி மண் வாங்கிப் பிசைந்து வைத்தால், அரைவாசி இருக்கைகள் வெறுமையாக இருந்தன. மழை, கலியாண வீடு என்று காரணங்கள் வந்தன. முன்கூட்டி ஒரு தகவல் வரவில்லை. சந்தாவும் பலரிடம் பாக்கி. நினைவூட்டல் அனுப்பினால் கோபிக்கிறார்கள். மின்கட்டணத்துக்குத் தவணை சொல்ல என்னால் முடியாது.

வரவும் செலவும் ஏறத்தாழச் சரிக்குச் சரி. சூளைத் திருத்தத்தால் கையிருப்பு குறைந்திருக்கிறது. விவரங்களைப் பொருளாளர் தருவார். அவருக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும், தேநீர் கவனித்த அன்பர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டு யூதர்களின் பஸ்கா விருந்தில் அடையாள உணவுகளை வைக்கும் செதர் தட்டைச் செய்ய எண்ணியிருக்கிறேன். செயலாளர் பொறுப்பை ஏற்க வேறு யாரும் முன்வந்தால் மகிழ்ச்சியோடு கொடுப்பேன். இல்லையென்றால் நானே தொடர்கிறேன்; ஆனால் பாக்கிச் சந்தா வந்து சேராமல் அடுத்த தொகுதிக்கு மண் வாங்க முடியாது. இன்று வாசலில் பொருளாளர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு இருக்கிறார்.

செயலாளர்