டின்டர்ன் அபேல கட்டடச் சாரத்தைப் பாத்துட்டு திரும்பிப் போனவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்ங்க. கார் பார்க்ல இறங்கி, நிமிந்து பாத்து, "அய்யோ பழுது பாக்க சாரம் கட்டிருக்காங்க, போட்டோ போச்சு, ஏன் இத்தன வருஷம் இழுக்குறாங்க"ன்னு டிக்கெட்கூட எடுக்காம கெளம்பிட்டீங்களே, உங்களுக்குத்தான் எழுதுறேன். கோவமா இல்ல, நானும் மொத தடவ அப்படித்தான் முகத்த சுளிச்சேன்.

வேல்ஸ்ல 'வை'ங்கிற (Wye) ஆத்தங்கரையில 1131-ல வால்டர் டி க்ளேர்ங்கிற பிரபு சிஸ்டெர்சியன்ங்கிற கத்தோலிக்கத் துறவிகளுக்காக ஆரம்பிச்ச மடம்தான் இந்த டின்டர்ன் அபே, இப்ப நீங்க பாக்குற பெரிய சர்ச் 1269-ல தொடங்கி கிட்டத்தட்ட 30 வருஷம் கட்டினது. அத்தன வருஷமும் அங்க சாரம் நின்னுருக்கும்தானே?

1536 செப்டம்பர்ல இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி மடத்தை மூடினாரு. கூரையில இருந்த ஈயத் தகட்டுக்கு நல்ல வெல, உரிச்சு எடுத்துட்டாங்க. கதை முடிஞ்சது அங்கதான், ஏன்னா கூரை போன சுவரு குடை இல்லாம நிக்கிற ஆளு மாதிரி. இந்த மாதிரி தடிச்ச சுவரெல்லாம் ரெண்டு பக்கமும் நல்லா செதுக்கின கல்லு, நடுவுல உடைகல்லையும் சுண்ணாம்பையும் போட்டு ரொப்பியிருப்பாங்க, மேல தண்ணி எறங்க எறங்க அந்த நடுப்பகுதி கரைஞ்சு வெறும் கூடா ஆயிடும், வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது. கல்லும் மணற்கல்லு. இதுல சிமென்ட்ட வெச்சு பூசுனா இன்னும் மோசம், ஈரம் வெளிய வர வழியில்லாம கல்லுக்குள்ளயே மாட்டிக்கிட்டு பனிக்காலத்துல உறைஞ்சு விரிஞ்சு கல்லோட முகம் செதில் செதிலா உரிஞ்சு விழும். அதனாலதான் சுண்ணாம்புக் காரை, அது கல்லவிட மெத்துனு இருக்கும், வெடிக்கிறதுன்னா அது வெடிக்கும், கல்லு தப்பிச்சிரும். ஆனா மெதுவாத்தான் இறுகும், உறைபனி நேரத்துல வேலையே செய்ய முடியாது. "ஏன் இத்தன வருஷம் இழுக்குறாங்க"ன்னு கேட்டீங்கல்ல, இதுவும் ஒரு காரணம்.

இந்த எடத்த பராமரிக்கிற அமைப்போட பேரு கடூ (Cadw), வெல்ஷ் மொழியில அந்த சொல்லுக்கே 'காத்து வை'னுதான் அர்த்தம்.

அப்புறம் ஒரு வேடிக்கை. 1770-ல படகுல வந்த ஒரு பாதிரியார், கூரை முனையில நிக்கிற இந்த முக்கோணச் சுவரெல்லாம் ரொம்ப ஒழுங்கா இருக்கு, சுத்தியலால பாத்து பக்குவமா ரெண்டு தட்டு தட்டுனா இன்னும் அழகா இருக்கும்னு எழுதி வெச்சுட்டுப் போனாரு. ஆக, படத்துக்கு சரியா வரலன்னு இந்த கட்டடத்த குறை சொன்ன மொத ஆளு நீங்க இல்ல :)

எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். துறவிங்க பொழங்கின பக்கம் பல எடத்துல சுவரு முழங்கால் உயரம்தான் மிச்சம், புள்ளைங்க அதுமேல ஏறி குதிக்கிறத "விளையாடட்டும்"னு விட்டுடாதீங்க. மேல ஒரு கல்லு ஆடுனா போதும், தண்ணி உள்ள போக வழி கெடச்சிரும், அப்புறம் அதுக்கும் சாரம் கட்டணும், நீங்களே வந்து திட்டுவீங்க.

போட்டோதான் முக்கியம்னா ஆத்துக்கு அந்தப் பக்கம், அதாவது இங்கிலாந்து பக்கம், டெவில்ஸ் புல்பிட்னு ஒரு பாறை இருக்கு. சாத்தான் அதுமேல நின்னுக்கிட்டு கீழ இருந்த துறவிகள மனசு மாத்த பிரசங்கம் பண்ணுச்சுன்னு ஊர்க்கதை. மரத்துக்கு நடுவுல மொத்த அபேயும் உள்ளங்கையில வெச்ச மாதிரி தெரியும், சாரத்தோடதான். நல்ல ஷூ போட்டுட்டு போங்க, மழை பெஞ்சிருந்தா அந்த ஏத்தம் வழுக்கும்.